குழாயைத் தெருவோரம் எத்தனை நாள் கிடத்தலாம்?

மட்டக்கோல்:
பள்ளிக்கரணைப் பக்கம் குடிநீர்க் குழாய் பதிக்கும் வேலை ஒன்று நடக்கிறது. 20 அங்குல உருக்குக் குழாய், சுவர்க் கனம் 9.5 மில்லிமீட்டர், நீளம் 12 மீட்டர். மீட்டருக்கு 117 கிலோ என்றால் ஒரு குழாய் 1,400 கிலோ. பள்ளம் தோண்ட ஒரு வாரம் இருக்கும்போதே 60 குழாய்களைச் சாலையோரம் வரிசையாகக் கிடத்திவிட்டோம். நேற்று பாதுகாப்பு அலுவலர் வந்து வேலையை நிறுத்திவிட்டார். அன்றைக்கு வெல்டிங் ஆகும் குழாயை மட்டும் அன்றைக்குக் கொண்டுவர வேண்டுமாம். எங்கள் டிரெய்லருக்கு இரவில்தான் அனுமதி. நான்கு குழாய்க்காகத் தினம் ஒரு வண்டி, ஒரு கிரேன் என்றால் கட்டுப்படியாகுமா? 22 வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். குழாய் தானாகப் போய் யாரையும் இடித்ததில்லை. பையன்கள் நிற்கக் கூடாத இடத்தில் நின்றால்தான் அடிபடுகிறார்கள்.

தலைக்கவசம்:
நானும் பாதுகாப்பு அலுவலர்தான். "தானாகப் போய் இடித்ததில்லை" என்கிறீர்களே ஐயா, அங்கேயே நிற்கிறேன். மழைநீர் வடிவதற்காகச் சாலையின் நடுவை மேடாகவும் ஓரத்தைத் தாழ்வாகவும் போடுகிறார்கள். தண்ணீர் போகும் வழிதான் குழாய்க்கும் வழி. அது உருண்டால் லாரி போகும் பக்கம் போகாது, வீட்டு வாசலும் பஸ் நிறுத்தமும் இருக்கும் பக்கம் போகும். எதன் மேல் கிடத்தினீர்கள்? ஆப்பு வைத்தீர்களா?

மட்டக்கோல்:
மணல் மூட்டைமேல். இரு பக்கமும் செங்கல் வைத்தோம். எல்லாரும் செய்வதுதான்.

தலைக்கவசம்:
செங்கல்! 1,400 கிலோ அசைந்தால் அது பொடியாகிவிடும். பிளாஸ்டிக் சாக்கோ வெயில் பட்டுப் பட்டு இற்றுப்போகும். ஒரு முனையில் மணல் கொட்டிவிட்டால் குழாய் சாய்ந்து, செங்கல்மேல் ஏறிவிடும். மரக்கட்டையும், சரியாகச் செதுக்கிய மர ஆப்பும், ஒவ்வொரு முனையிலும் இரு பக்கமும். தினம் காலையில் ஒருவர் நடந்து பார்க்க வேண்டும். இதற்கு என்ன பெரிய செலவு?

துணை ஒப்பந்தக்காரன்:
செலவைப் பற்றி அலுவலர்கள் பேசும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. பணத்தை விடுங்கள், ஆபத்தையே கணக்குப் பார்ப்போம். முன்கூட்டியே வரிசை போட்டால் டிரெய்லரிலிருந்து ஒரு தூக்கு, தரையில் ஒரு வைப்பு, அவ்வளவுதான். அன்றன்று கொண்டுவருவதென்றால் முதலில் கிடங்கில் இறக்க வேண்டும், பிறகு மறுபடி ஏற்ற வேண்டும், இடத்துக்கு வந்து மறுபடி இறக்க வேண்டும். ஒரு தூக்கு மூன்றாகிறது. அதுவும் நள்ளிரவில், பகல் முழுக்க உழைத்த அதே ஆட்களை வைத்து. கை நசுங்குவது தூக்கும்போதா, குழாய் சும்மா கிடக்கும்போதா? பதில் சொல்லுங்கள்.

கயிற்றுக்காரன்:
நான் பதில் சொல்கிறேன். தூக்கும்போதுதான். என் இடது கையில் மோதிர விரல் பாதிதான் இருக்கிறது.

மணலிப் பக்கம் ஒரு தளம், 2011. ஹைட்ராவில், அதாவது சுமையைத் தூக்கிக்கொண்டே ஓடும் கிரேனில், குழாயின் நடுவில் ஒரே ஒரு தூக்கு பெல்ட். முனையைக் கையால் பிடித்துக்கொண்டு நான் கூடவே நடக்கிறேன். கருப்புப் பாலித்தீன் பூச்சின் மேல் அதிகாலைப் பனி இறங்கியிருந்தது. பெல்ட் ஒரு சாண் வழுக்கியது. நான் பிடித்திருந்த முனை இறங்கி மரக்கட்டையில் உட்கார்ந்தது, இடையில் என் கை. "கவனக்குறைவு" என்று அறிக்கையில் எழுதினார்கள். மட்டக்கோல் ஐயா, பையன்கள் நின்ற இடம்தான் தப்பு என்று நீங்கள் சொன்னதும் அதே பொருளில்தான்.

ஆட்டம் தடுக்கும் கயிற்றைக் கொடுத்திருந்தால் நான் 3 மீட்டர் தள்ளி நின்றிருப்பேன். இரண்டு பெல்ட் போட்டிருந்தால் குழாய் சீசாப் பலகை மாதிரி ஆடியிருக்காது. அந்த இரண்டு பெல்ட்டையும் பலர் தப்பாகப் போடுகிறார்கள். கிரேன் கொக்கியிலிருந்து குழாய்க்கு இறங்கும் பெல்ட் கிடைமட்டத்திலிருந்து 60 டிகிரி கோணத்தில் இருந்தால் 1,400 கிலோ குழாய்க்கு ஒவ்வொரு பெல்ட்டிலும் ஏறத்தாழ 810 கிலோ இழுவிசை. பெல்ட் குட்டையாக இருந்து கோணம் 30 டிகிரியாகப் படுத்துவிட்டால் ஒவ்வொன்றிலும் முழு 1,400. அதே குழாய், அதே கிரேன், பெல்ட்டின் பாடு மட்டும் முக்கால் பங்கு கூடிவிடுகிறது. இதை எனக்கு 15 வருடம் யாரும் சொல்லித்தரவில்லை.

மட்டக்கோல்:
தம்பி, உங்கள் விரலுக்காக வருந்துகிறேன். அந்தச் சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் நீங்கள் சொன்னது என் பக்கத்துக்குத்தானே வலு சேர்க்கிறது? தூக்கு குறைந்தால் ஆபத்து குறையும்.

கயிற்றுக்காரன்:
தூக்கு குறைவது நல்லதுதான் அண்ணா. அந்த ஒரு தூக்கையும் ஹைட்ராவில் தூக்கியபடியே அரைக் கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு போகிறீர்களே, அதைச் சொல்கிறேன். பழைய வகை ஹைட்ராவில் பூம், அதாவது கிரேனின் நீண்ட கை, ஓட்டுநரின் கண்ணை மறைக்கும். டிரெய்லரை நகர்த்துங்கள், குழாயை நகர்த்தாதீர்கள். கை அசைத்துச் சைகை காட்டுபவர் ஒருவர் மட்டும் இருக்கட்டும். எங்கள் குழுவில் பாதிப் பேர் பீகார், ஒடிசா. நான்கு பேர் நான்கு மொழியில் கத்தினால் ஓட்டுநர் யார் பேச்சைக் கேட்பார்?

ஏரிக்கரைவாசி:
நான் இந்தத் தொழிலைச் சேர்ந்தவள் அல்ல. அந்த 60 குழாய்களில் இரண்டு எங்கள் தெரு முனையில் கிடக்கின்றன, அதனால் பேசுகிறேன். ஒன்றில் நாய் குட்டி போட்டிருக்கிறது. இன்னொன்றில் பந்து போய்விட்டதென்று பக்கத்து வீட்டுப் பையன் நேற்று உள்ளே நுழைந்தான். ஏழு வயது. கால் மட்டும் வெளியே தெரிந்தது. நான் போட்ட கூச்சலில் திரும்பி வந்தான்.

வீராணம் குழாய் ஞாபகம் இருப்பவர்கள் இங்கே இருப்பீர்கள். சென்னைக்குத் தண்ணீர் கொண்டுவர என்று சாலையோரம் போட்ட பெரிய கான்கிரீட் குழாய்கள் வருடக்கணக்கில் அப்படியே கிடந்தன. வீடில்லாதவர்கள் அவற்றுக்குள் அடுப்பு மூட்டிக் குடித்தனம் நடத்தினார்கள். தண்ணீர் 2004இல்தான் வந்தது, அதுவும் புதிதாகப் போட்ட குழாயில். ஒரு வாரம் என்கிறீர்கள். சென்னையில் ஒரு வாரம் என்பது எவ்வளவு நாள் என்று எங்களுக்குத் தெரியும்.

மட்டக்கோல்:
அம்மா, இன்றே இரு முனைக்கும் மூடி போடச் சொல்கிறேன். குட்டிகளை எடுத்துவிட்டுத்தான்.

தலைக்கவசம்:
மூடி போடுவதற்கு முன்னால் ஒரு கணக்கு. இது ஐப்பசி. 508 மில்லிமீட்டர் வெளிவிட்டமுள்ள குழாய் முழுதும் மூழ்கினால் மீட்டருக்கு 203 கிலோ தண்ணீரை விலக்கும். குழாயின் எடை 117 கிலோ. இரு முனையும் மூடியிருந்தால் அது மிதக்கும், அதற்கு முழுதும் மூழ்கவே வேண்டாம். குழாயின் அடியிலிருந்து 28, 29 சென்டிமீட்டர் உயரம் தண்ணீர் நின்றாலே போதும். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் பள்ளிக்கரணையில் எவ்வளவு நின்றது என்று அந்த அம்மாவைக் கேளுங்கள். கார் மிதந்து போன தெருவில் 12 மீட்டர் நீள உருக்குக் குழாய் மிதந்து போனால் எந்தச் சுவர் தாங்கும்?

துணை ஒப்பந்தக்காரன்:
அப்படியானால் மூடாமல் விடுவதா? சேறு உள்ளே போனால் சுத்தம் செய்வது யார்? உங்கள் அலுவலகமா?

தலைக்கவசம்:
மூடியில் கீழ்ப்பக்கம் விரல் அளவு நாலைந்து துளை. நாயும் குழந்தையும் நுழைய முடியாது, வெள்ளம் மெல்ல உள்ளே ஏறும், குழாய் மிதக்காது.

துணை ஒப்பந்தக்காரன்:
பள்ளிக்கரணை வெள்ளத்தில் வருவது சாக்கடை ஐயா. அது உள்ளே ஏறிய குழாயைக் கழுவி, கிருமி நீக்கிக் கொடுக்க எத்தனை நாள் ஆகும் என்று நீங்கள் ஒருமுறையாவது பார்த்ததுண்டா? மூடியை முழுசாகப் போட்டு, முளை அடித்து, பெல்ட்டால் இழுத்துக் கட்டுவேன்.

தலைக்கவசம்:
நனைந்த சதுப்பு மண்ணில் முளையா? வெண்ணெயில் ஊசி குத்துவது போலத்தான். 12 மீட்டர் குழாயை மேலே தள்ளும் நிகர விசை ஒரு டன்னுக்கு மேல் வரும்.

கயிற்றுக்காரன்:
இன்னொன்று. அந்தச் சாலையில் மேலே மின்கம்பி போகிறது. பூம் கம்பிக்கு அருகில் போனால் தொட்டேதான் ஆக வேண்டும் என்றில்லை, மின்சாரம் தாண்டிவிடும். "டயர் ரப்பர்தானே, ஒன்றும் ஆகாது" என்று ஓட்டுநர்கள் சொல்வார்கள். தரையில் நின்று குழாயைப் பிடித்திருப்பவன் வழியாக இறங்கும். கம்பிக்குக் கீழே இருக்கும் இடத்தை விட்டுவிட்டு, அந்தக் குழாய்களை வேறு எங்காவது வையுங்கள்.

மட்டக்கோல்:
நல்லது. முடிவாக என் ஏற்பாட்டைச் சொல்கிறேன். 60ஐக் கலைக்கிறேன். பள்ளம் தயாராகிற தூரத்துக்கு மட்டும் 12 குழாய், அதாவது மூன்று நாள் வேலை. டிரெய்லர் ஊர்ந்து வரும், ஹைட்ரா ஓடாது. செங்கல் போய் மர ஆப்பு வரும். ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் நேரே இடைவெளி விடுகிறேன். அன்றன்றுதான் வேண்டும் என்று அலுவலர் பிடிவாதம் பிடித்தால், மூன்று தூக்குக் கணக்கை அவரிடமே காட்டுவேன். மூடி விஷயத்தில் இரண்டு பேரும் சொல்வது சரியாகவே படுகிறது. வானிலை அறிக்கையில் கனமழை என்றால் அந்தப் 12ஐயும் ஏற்றிவிடலாமா என்று யோசிக்கிறேன்.

துணை ஒப்பந்தக்காரன்:
கனமழை அறிவிப்பு வரும் இரவில் டிரெய்லர் யார் தருவார்?

கயிற்றுக்காரன்:
பெல்ட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை. எத்தனை மீட்டர் பெல்ட் வைத்திருக்கிறீர்கள் அண்ணா?

மட்டக்கோல்:
4 மீட்டர். குழாயில் பெல்ட் மாட்டும் இரு இடங்களுக்கு இடையே 6 மீட்டர் வைத்துத்தான் கட்டுகிறோம். இப்போது காகிதத்தில் வரைந்து பார்த்தேன், 41 டிகிரிதான் வருகிறது. 6 மீட்டர் பெல்ட்டுக்குச் சொல்லிவிட்டேன்.