ஒரே ஆள் நடித்த வான்யா

என் அனுபவம் இது. ரஷ்ய எழுத்தாளர் செகாவின் ‘வான்யா மாமா’ நாடகத்தை சைமன் ஸ்டீபன்ஸ் ‘வான்யா’ என்று இன்றைய காலத்துக்கு மாற்றி எழுத, எட்டுப் பாத்திரங்களையும் ஆண்ட்ரூ ஸ்காட் ஒருவரே நடித்தார். 2023இல் லண்டன் டியூக் ஆஃப் யார்க்ஸ் தியேட்டரில் நடந்தபோது எனக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு, மேடை நாடகங்களைப் படம்பிடித்துத் திரையிடும் நேஷனல் தியேட்டர் லைவ் வழியாக சினிமா தியேட்டரில்தான் பார்த்தேன்.

சமோவார் என்ற ரஷ்யத் தேநீர்க் கொதிகலன் கிடையாது, ரஷ்யப் பெயர்களும் பெரும்பாலும் கிடையாது. ஒரு சமையலறை, ஒரு கதவு, ஒரு பியானோ. அவர் உடை மாற்றுவதே இல்லை. கழுத்துச் சங்கிலியை விரல் தேடினால் ஹெலனா, வான்யாவின் சகோதரி கணவனுடைய இரண்டாம் மனைவி. பாத்திரம் துடைக்கும் துணி கைக்கு வந்தால் சோனியா, அந்தச் சகோதரியின் மகள். பந்தைத் தட்டிக்கொண்டிருந்தால் டாக்டர். கொஞ்ச நேரத்தில் கண் பழகிவிடுகிறது. அப்புறம் அவர் வாயைத் திறக்கும் முன்பே யார் வந்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடுகிறது.

பண்ணையை விற்கலாம் என்று பேச்சு எழும் காட்சிக்காகத்தான் போனேன். செகாவின் மூலத்தில் அதற்குக் கணக்கே இருக்கிறது. பண்ணை 95,000 ரூபிள்; அதை வாங்க வான்யாவின் அப்பா கொடுத்தது 70,000. வான்யா தன் பங்கைச் சகோதரிக்கு விட்டுக்கொடுத்து, பத்து வருடம் உழைத்து மீதிக் கடனை அடைக்கிறான். சம்பளம் வருடத்துக்கு 500 ரூபிள். சகோதரி இறந்துபோகிறாள். மறுமணம் செய்துகொண்ட அவள் கணவன் ஒருநாள் எல்லோரையும் உட்காரவைத்து, விற்றுவிடலாம் என்கிறான். இது புரிய ரஷ்யாவைப் பற்றி எதுவும் தெரிந்திருக்க வேண்டாம். சொத்துத் தகராறு நடந்த எந்த வீட்டிலும் இப்படி ஒரு வான்யா இருப்பான்.

ஆனால் எனக்குக் குறைபட்டதும் அங்கேதான். சட்டப்படி அந்தப் பண்ணை சோனியாவுடையது, அம்மா வழியில் வந்தது. அவளை யாரும் கேட்பதில்லை. வான்யா கத்தும்போது அவள் முகம் எப்படி இருக்கிறது என்று பார்க்க ஏங்கினேன். ஒரே நடிகர் என்பதால், பேசாத நேரத்தில் அவள் மேடையிலேயே இல்லை.

கடைசிக் காட்சியில் அதே உத்தி அபாரமாகக் கைகொடுக்கிறது. ‘நாம் இளைப்பாறுவோம்’ என்று சோனியா மாமாவைத் தேற்றுகிறாள். தேற்றுபவளுக்கும் அழுபவனுக்கும் ஒரே முகம். இத்தனை நெருக்கத்தை இரண்டு நடிகர்களால் கொண்டுவர முடியுமா என்பது எனக்குச் சந்தேகமே.

இயன் ரிக்சன் இயக்கி, டோபி ஜோன்ஸ் வான்யாவாக நடித்த 2020ஆம் ஆண்டுத் தயாரிப்பும் படமாக்கப்பட்டிருக்கிறது. அதைப் பார்த்தவர்கள், அந்த விற்பனைக் காட்சியில் சோனியா எங்கே நிற்கிறாள், என்ன செய்கிறாள் என்று கொஞ்சம் எழுதுங்களேன்.