எலியின் எலும்பும் ஆண்மைக்குறைவு ஆராய்ச்சியும்

கோண்டாவிலான்:
ஆண்மைக்குறைவுக்கு நெருஞ்சில் கைகண்ட மருந்தென்பது “எலிகளில் நிரூபணமாகிவிட்டது” என்று சித்தன் நேற்று இந்த இணைய மன்றத்தில் எழுதியிருக்கிறார். எலியின் ஆண்குறிக்குள் எலும்பு உண்டு, மனிதனுக்கு இல்லை. எலும்புள்ள பிராணியை வைத்து எலும்பில்லாதவனின் விறைப்பை அளக்கும் கெட்டித்தனத்தை என்னவென்று மெச்சுவது?

திருநெல்வேலி மாணவி:
ஐயா, அந்த எலும்பு முனைமொட்டுக்குள் கிடக்கிறது. அழுத்தம் அளக்கப்படும் விறைப்பு இழையமோ அதற்குப் பின்னால் இருக்கிறது. மயக்கிய எலியின் நரம்பை மின்னால் தூண்டி, அவ்விழையத்துக்குள் ஊசி செலுத்தி, அங்கு ஏறும் அழுத்தத்தை உடலின் இரத்த அழுத்தத்தோடு ஒப்பிடுகிறார்கள். 1863 இல் எக்கார்ட் என்ற ஜேர்மன் உடலியலாளர் நாயின் இடுப்பு நரம்பைத் தூண்டி விறைப்பை உண்டாக்கினார். நாய்க்கும் எலும்பு உண்டு, ஆயினும் அவர் கண்ட நரம்புவழி மனிதனுக்கும் பொருந்தியது. முயலுக்கு அந்த எலும்பே இல்லை.

கோண்டாவிலான்:
முயலைப் பற்றி யார் கேட்டார்கள், பிள்ளை? நெஞ்சுவலிக்கென்று ஃபைசர் நிறுவனம் உருவாக்கிய சில்டெனாஃபிலின் (வயாகராவின்) மற்றக் குணம் வெளிப்பட்டது, 1990களின் தொடக்கத்தில் அதை விழுங்கிப் பார்த்த ஆண்களிடம். 1983 இல் லாஸ் வேகாஸில் நடந்த சிறுநீரியல் மாநாட்டில் பிரிண்ட்லி என்ற பிரித்தானிய உடலியலாளர் தமது ஆண்குறியில் தாமே மருந்தூசி ஏற்றிக்கொண்டு, சபைக்கு முன்னாலேயே பலனைக் காட்டினார். எலும்புள்ள எலி எங்கே உதவியது?

சித்தன்:
சிங்கப்பூரில் எலி, முயல், குரங்கு ஆகிய மூன்றிலும் நெருஞ்சிலைச் சோதித்திருக்கிறார்கள். இங்கே முன்பு நடந்த பனங்கட்டி விவாதத்தில் என் கேள்விக்குப் பதில் சொல்லாமல் நழுவியவர் இதற்கும் நழுவுவார்.

கோண்டாவிலான்:
குரங்குக்கும் எலும்பு உண்டு. லேகிய வியாபாரிக்கு அது தெரிய நியாயமில்லை.

திருநெல்வேலி மாணவி:
சித்தன் அண்ணா, நான் உங்களுக்காக வாதாடவில்லை. அந்தச் சோதனைகள் பெரும்பாலும் ஹோர்மோன் அளவைப் பற்றியவை, மனிதரில் நடந்த ஆய்வுகளோ ஒன்றுக்கொன்று முரணானவை. ஆனால், விறைப்புக்கான நரம்புச் செய்தியைக் கொண்டுசெல்வது நைத்திரிக் ஒட்சைட்டு என்பது 1992 இல் எலியிலும், அதே ஆண்டில் மனித இழையத்திலும் காட்டப்பட்டது. சில்டெனாஃபில் வேலை செய்வது அதே பாதையில்தான் என்பதை ஐயா ஏன் விட்டுவிடுகிறார்?

ஓய்வுபெற்ற மருந்தாளர்:
எலும்பை விடுங்கள். ஸ்ட்ரெப்டோசோடோசின் என்ற மருந்தை ஏற்றி, சதையியில் இன்சுலின் சுரக்கும் கலங்களை அழித்து, சில நாட்களில் ஓர் எலியைச் சலரோகக்காரனாக்கிவிடலாம். நம்மூர்க் கிளினிக்கில் நிற்பவருக்கோ பெரும்பாலும் இரண்டாம் வகைச் சலரோகம். அதோடு பிரஷர், சிகரெட், கனடா அனுப்பிய மகனுக்காகப்பட்ட கடன், மனைவியோடு ஆறுமாதப் பேச்சின்மை. எந்த எலிக்கு இவற்றை ஏற்றுவீர்கள்?

திருநெல்வேலி மாணவி:
கேள்வி நியாயமானது. ஆனால் மனக்கவலையை எலியில் அளப்பதாக யாரும் சொல்லவில்லை.

கோண்டாவிலான்:
மருந்தாளர் சுற்றிவளைத்து என் பக்கந்தான் பேசுகிறார். எலும்புள்ளதும் எலும்பில்லாததும் ஒன்றல்ல.

ஓய்வுபெற்ற மருந்தாளர்:
நான் உங்கள் பக்கமில்லை. எலும்பைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவுமில்லை.

சித்தன்:
என்னை வியாபாரி என்று எழுதியதை மட்டுறுத்துநர் நீக்க வேண்டும்.

கோண்டாவிலான்:
நீக்கட்டும். குரங்குக்கு எலும்பில்லை என்று முதலில் இவர் நிரூபிக்கட்டும்.