10 சதவீதம் வேண்டாம், கவின்

மீனா: சுதா, வேலை முடிந்ததும் இதைப் பார். கவின் பருவுக்கு ஏதோ ஜெல் வாங்கி வந்து தடவிக்கொண்டிருக்கிறான். கன்னமெல்லாம் சிவந்து போயிருக்கிறது, மூக்கோரம் தோல் உரிகிறது. எரிகிறது என்கிறான், ஆனால் நிறுத்து என்றால் கேட்கவில்லை.

மீனா: (படம்)

கவின்: அம்மா, இதைக் குழுவில் போடத்தான் வேண்டுமா?

பிரபு: எல்லாம் நம் வீட்டு ஆட்கள்தானே கவின். உன் வயதில் எனக்கும் நெற்றி முழுக்கப் பரு. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

சுதா: கவின், டியூபில் மருந்தின் பெயரும் சதவீதமும் என்ன போட்டிருக்கிறது? ஒரு நாளைக்கு எத்தனை தடவை போடுகிறாய்?

கவின்: பென்சாயில் பெராக்சைடு 10 சதவீதம் சித்தி. காலையிலும் ராத்திரியும். பரு பெரிதாக இருந்தால் மதியமும்.

சுதா: முதலில் ஒன்று சொல். கண், உதடு, முகம் எங்காவது வீங்கியிருக்கிறதா? மூச்சு விடச் சிரமம், தொண்டை இறுக்கம், மயக்கம் வருவது போல் இருக்கிறதா?

கவின்: அதெல்லாம் இல்லை. எரிச்சலும் வறட்சியும் மட்டும்தான்.

சுதா: அப்பாடா, சரி. ஏன் கேட்டேன் என்றால், கடையில் சீட்டு இல்லாமல் கிடைக்கும் பரு மருந்துகளால் அபூர்வமாகச் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை வருகிறது என்று அமெரிக்க மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. 2014-ல் எச்சரித்தது. உன் பென்சாயில் பெராக்சைடு, இன்னொரு பரு மருந்தான சாலிசிலிக் அமிலம் இரண்டுக்குமே அந்த எச்சரிக்கை பொருந்தும். அதனால்தான் புதிதாக ஆரம்பிக்கும்போது முதல் 3 நாள் ஓரிரு சின்ன இடத்தில் மட்டும் தடவிப் பார்க்க வேண்டும். வீக்கமோ மூச்சுத் திணறலோ வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், குழுவில் கேட்டுக்கொண்டு இருக்கக் கூடாது.

சுதா: உனக்கு வந்திருப்பது ஒவ்வாமை மாதிரித் தெரியவில்லை. மருந்து தோலை வறட்டியிருக்கிறது. நீ வாங்கியது நல்ல மருந்துதான், ஆனால் வீரியமும் அதிகம், தடவையும் அதிகம். எரிச்சல் அடங்கும்வரை தொடாதே. வாசனை இல்லாத மென்மையான ஃபேஸ்வாஷ், மாய்ஸ்சரைசர், இவை போதும். நிறுத்திய பிறகும் அரிப்பு கூடினாலோ நீர் கோத்தாலோ எனக்குச் சொல். அது வேறு விஷயம், அப்போது அந்த மருந்தையே மறுபடி தொடக் கூடாது.

பிரபு: சுதா, ஒரு சந்தேகம். 10 என்றால் சீக்கிரம் குணமாகும் என்றுதானே வாங்கியிருப்பான்? குறைந்த அளவு போட்டால் குறைவாகத்தானே வேலை செய்யும்?

சுதா: மருந்துக் கவுண்டரில் நான் தினமும் கேட்கும் கேள்வி இது அண்ணா. 2.5, 5, 10 மூன்றையும் பக்கத்தில் வைத்து 1980-களிலேயே ஒப்பிட்டுப் பார்த்துவிட்டார்கள். சிவந்து வீங்கிய பருக்களைக் குறைப்பதில் 2.5 சதவீதம் ஏறக்குறைய 10-க்குச் சமமாகவே வேலை செய்தது. சிவப்பு, எரிச்சல், தோல் உரிதல் மட்டும் 10-ல் அதிகம். அதாவது கூடுதலாகக் கிடைப்பது பலன் இல்லை, புண்தான்.

கவின்: அப்படியென்றால் 10 எதற்கு விற்கிறார்கள்?

சுதா: முதுகு, மார்புத் தோல் முகத்தைவிடத் தடிமன். அங்கே போட்டுக் கழுவிவிடும் வாஷ்களில் அதிக வீரியத்தைப் பலர் தாங்கிக்கொள்கிறார்கள். முகத்தில் 2.5-ல் ஆரம்பிப்பதுதான் புத்திசாலித்தனம். அது கிடைக்காத கடையில் 5 வாங்கி, தடவிக் கொஞ்ச நேரத்தில் கழுவிவிடலாம்.

தேன்மொழி: நான் முதுகுக்கு அந்த வாஷ்தான் பயன்படுத்துகிறேன் அத்தை. குளிக்கும்போது தடவி 2, 3 நிமிடம் அப்படியே விட்டுக் கழுவுவேன். முதுகு நன்றாகத் தெளிந்துவிட்டது. கவின், துண்டு விஷயத்தில் மட்டும் கவனம். என் நீலத் துண்டு முழுக்க வெள்ளைத் திட்டு.

மீனா: ஓ, அதுதானா! தலையணை உறையெல்லாம் வெளுத்துப் போய்க் கிடக்கிறது. சோப்புத்தூளைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

சுதா: அது சலவையில் போகாது அக்கா, சாயமே போய்விட்டது. இது நிறத்தை வெளுக்கும் ரசாயனம். துணி, புருவம், தலைமுடி எதையும் விடாது. இனி அவனுக்கு வெள்ளைத் துண்டு, வெள்ளை உறை கொடுத்துவிடு. தடவிய கையைக் கழுவாமல் சட்டையைத் தொடக் கூடாது.

கவின்: துணியை வெளுக்கிறது என்றால் தோலையும் வெளுக்குமா சித்தி?

சுதா: இல்லை. தோலின் நிறமியை அது வெளுப்பதில்லை. தோலுக்குள் போனதும் பென்சாயிக் அமிலமாக மாறிவிடுகிறது, அது கடைசியில் சிறுநீரோடு வெளியேறிவிடும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இந்த மருந்தின் மேல் எனக்கு மரியாதை வந்ததே இதனால்தான். பருத் துளைக்குள் கியூட்டிபாக்டீரியம் ஆக்னஸ் என்ற கிருமி இருக்கிறது. அடைபட்ட துளை, எண்ணெய்ப் பசை, காற்று குறைவு, இதெல்லாம் அதற்குச் சௌகரியம். பென்சாயில் பெராக்சைடு உள்ளே போய்ச் சிதைந்து, வினை வேகம் மிகுந்த ஆக்சிஜன் துகள்களை விடுகிறது. அவை கிருமியின் புரதங்களை நேரடியாகத் தாக்குகின்றன. ஆன்டிபயாட்டிக் அப்படி இல்லை, அது கிருமியின் ஏதாவது ஒரு வேலையைக் குறிவைக்கும், கிருமி கொஞ்ச காலத்தில் தப்பிக்க வழி கண்டுபிடித்துவிடும். பென்சாயில் பெராக்சைடு இத்தனை வருடமாகப் புழக்கத்தில் இருந்தும் அந்தக் கிருமியால் அதை எதிர்த்து நிற்க முடியவில்லை. கிளிண்டாமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் ஜெல் எழுதும் டாக்டர்கள் கூடவே இதையும் எழுதுவது அதனால்தான்.

கவின்: அடேயப்பா. ஆனால் நான் பரு மேல் மட்டும் பொட்டு மாதிரி வைத்துக்கொண்டிருந்தேன், அது சரியா?

சுதா: பரு வரும் பகுதி முழுக்கத் தடவ வேண்டும். இன்று கண்ணாடியில் தெரியும் பரு பல வாரம் முன்பே துளைக்குள் அடைப்பாக ஆரம்பித்தது. பக்கத்திலேயே இன்னும் தெரியாத அடைப்புகள் இருக்கும். தெரிந்ததன் மேல் மட்டும் வைத்தால் அடுத்தது வந்துகொண்டே இருக்கும். முகம் முழுவதற்கும் ஒரு பட்டாணி அளவு ஜெல் போதும். கண் ஓரம், உதடு, மூக்குத் துளை ஓரம், வெட்டுக்காயம், இவற்றில் படக் கூடாது. முகம் கழுவி நன்றாக உலர்ந்த பிறகு தடவு. ஈரத்தோடு தடவினால் எரிச்சல் கூடும். முதல் இரண்டு வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள், ராத்திரி மட்டும். அதற்கு முன்போ பின்போ மாய்ஸ்சரைசர். தாங்கினால் தினமும் ஒரு தடவை. அதற்கு மேல் அவசியமே இல்லை. பகலில் சன்ஸ்கிரீன் போடு.

மீனா: மாய்ஸ்சரைசர் போட்டால் எண்ணெய் வடிந்து பரு இன்னும் கூடாதா?

சுதா: துளையை அடைக்காத வகை என்று போட்டிருப்பதை வாங்கு அக்கா, பரு அதிகமாகாது. வறண்டு எரிந்தால்தான் பிள்ளைகள் மருந்தையே விட்டுவிடுகிறார்கள்.

கவின்: எத்தனை நாளில் தெரியும்?

சுதா: 4 வாரத்துக்கு முன்னால் எதையும் முடிவு செய்யாதே. முழுப் பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகலாம். பலர் பத்து நாள் போட்டுவிட்டு இது வேலைக்கு ஆகாது என்று தூக்கிப் போட்டு, அடுத்த டியூபுக்குப் போகிறார்கள். தோல் உரிவதை மட்டும் பார்த்துவிட்டு, பரு குறைவதைப் பார்க்காமலே போய்விடுகிறார்கள். எனக்கு மனசு தாங்காது. முகம் தெளிந்த பிறகும் உடனே நிறுத்தாதே, திரும்ப வரும்.

கவின்: என் கிளாஸ் பையன் ஒருவன் ட்ரெட்டினாயின் என்ற பரு மருந்து போடுகிறான். அதையும் சேர்த்துப் போட்டால் வேகமாகப் போகும் என்று கொடுத்தான்.

சுதா: திருப்பிக் கொடுத்துவிடு. அடுத்தவனுக்கு எழுதிய மருந்து அது. தவிர, பழைய வகை ட்ரெட்டினாயினை பென்சாயில் பெராக்சைடு சிதைத்துவிடும், ஒன்றாகத் தடவினால் அது வீண். அதே வகையைச் சேர்ந்த அடாப்பலின் சிதையாது, அதனால் அதுவும் பென்சாயில் பெராக்சைடும் சேர்ந்த ஜெல்லே இருக்கிறது. ஆனால் அதை டாக்டர் பார்த்துத் தரட்டும். இப்போதைக்கு உனக்கு ஒரே மருந்து. கூடவே ஸ்க்ரப், ஆல்கஹால் கலந்த டோனர், அமில சீரம் என்று வரிசையாகப் போடாதே. டூத்பேஸ்ட்டும் வேண்டாம், அதையும் சிலர் வைக்கிறார்கள்.

பிரபு: எங்கள் வீட்டில் ஒரு கிரீம் இருக்கிறது. போட்ட மறுநாளே சிவப்பு அடங்கி முகம் பளபளவென்று ஆகிவிடும். அதைக் கவினுக்குக் கொடுக்கலாமா?

சுதா: அண்ணா, டியூபைத் திருப்பிப் பாருங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன், இதில் எதாவது இருக்கிறதா?

பிரபு: குளோபெட்டசால் என்று இருக்கிறது.

சுதா: ஸ்டீராய்டு அது. தயவுசெய்து யார் முகத்திலும் படவிடாதீர்கள். சிவப்பை அமுக்கிவிடும், அதனால் குணமான மாதிரி இருக்கும். தொடர்ந்து போட்டால் தோல் மெலிந்து ரத்தக்குழாய் வெளியே தெரியும், பருவும் புதிதாகக் கிளம்பும். நிறுத்தினால் முகம் கொழுந்துவிட்டு எரியும்.

மீனா: நானும் ஒன்று கேட்கிறேன். இந்த மருந்தில் பென்சீன் என்ற ரசாயனம் இருக்கிறது, புற்றுநோய் வரும் என்று எங்கோ படித்தேன்.

சுதா: பாதி உண்மை அக்கா. பென்சாயில் பெராக்சைடு சூட்டில் சிதையும்போது பென்சீன் உண்டாகலாம். 2024-ல் ஒரு தனியார் ஆய்வுக்கூடம் அதைக் கிளப்பியது. எஃப்.டி.ஏ. தானே 95 பொருட்களை எடுத்துச் சோதித்து 2025 மார்ச்சில் முடிவைச் சொன்னது. 90 சதவீதத்துக்கும் மேற்பட்டவற்றில் பென்சீன் இல்லை, அல்லது மிக மிகக் குறைவு. அளவு கூடியிருந்த சிலவற்றைக் கம்பெனிகள் கடைகளிலிருந்து திரும்ப எடுத்துக்கொண்டன. நாம் செய்ய வேண்டியது, காலாவதித் தேதி பார்ப்பது, வெயில் படும் ஜன்னலிலும் காருக்குள்ளும் டியூபை வைக்காமல் இருப்பது. பழையதைச் சேர்த்து வைக்காமல் தூக்கிப் போட்டுவிடு.

மீனா: அப்போது பயப்பட வேண்டாம் என்கிறாய். அவன் கன்னத்தில் இருக்கும் கறுப்புத் தழும்பு?

சுதா: தழும்பை இது போக்காது. புதிதாக வருவதைத் தடுக்கும், அவ்வளவுதான். நம்மைப் போன்ற மாநிறத் தோலில் எரிச்சலே கறுப்புத் திட்டை விட்டுப் போகும், அதனால்தான் 10 வேண்டாம் என்று இவ்வளவு சொல்கிறேன். கிள்ளாமல் இருந்தாலே பாதி தழும்பு வராது. கறுப்பு மெல்ல மங்கும், வெயில் பட்டால் தாமதமாகும்.

பிரபு: சுதா, இனியனுக்கு முதுகிலும் தாடையிலும் கெட்டிக் கட்டி மாதிரி வருகிறது. தொட்டால் வலிக்கிறது என்று சட்டையைக்கூட மெதுவாகத்தான் கழற்றுகிறான். அவனுக்கும் இந்த 2.5-ஐ வாங்கிக் கொடுக்கட்டுமா?

தேன்மொழி: ஆமாம் அத்தை. தம்பி கொஞ்ச நாளாக யாரோடும் வெளியே போகவில்லை. நான் என் வாஷைக் கொடுத்தேன், ஒன்றும் ஆகவில்லை.

சுதா: அண்ணா, அவனுக்குக் கடை மருந்து வேண்டாம். ஆழத்தில் வலியோடு வரும் கட்டிகளைத் தடவும் ஜெல் தனியாக அடக்காது. நாள் கடந்தால் பள்ளமான வடு விழும், அது ஆயுசுக்கும் நிற்கும். தோல் டாக்டரிடம் இந்த வாரமே காட்டுங்கள். ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை தேவையா என்று அவர் பார்த்துச் சொல்வார், அதற்கு ரத்தப் பரிசோதனையும் கண்காணிப்பும் வேண்டும், அதனால் நீங்களாக வாங்கக் கூடாது. அவன் முகத்தைப் பற்றி வீட்டில் யாரும் எதுவும் சொல்ல வேண்டாம். தூக்கம், சாப்பாடு, மனசு எப்படி இருக்கிறது என்று மட்டும் நீங்களே உட்கார்ந்து கேளுங்கள். மனசு ரொம்பத் தளர்ந்திருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

பிரபு: வயசு கூடினால் தானாகப் போகும் என்று விட்டுவிட்டேன். நாளை காலையிலேயே அப்பாயின்ட்மென்ட் போடுகிறேன்.

சுதா: போட்டதும் நேரம் சொல்லுங்கள், நானும் லீவு கேட்டு வருகிறேன். இதுவரை தடவிய எல்லா டியூபையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள், அந்த ஸ்டீராய்டையும் சேர்த்து.

கவின்: மாமா, இனியனோடு நானும் வரட்டுமா? தனியாகப் போக அவனுக்குக் கூச்சமாக இருக்கும்.

பிரபு: வா கண்ணா. உன்னோடு என்றால் கட்டாயம் கிளம்புவான்.