தீர்த்தமலை முனிவர் கதைகள் தெரிந்தவர்கள் உதவுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். அரூர் பக்கத்துத் தீர்த்தமலையில் அகத்தியர் தவம் இருந்ததாகச் சொல்லும் கதைகளைத் திரட்டிக்கொண்டிருக்கிறேன்.

ராமர் கதை ஊரறிந்தது. சிவபூஜைக்குக் காசித் தீர்த்தம் எடுக்கப் போன அனுமன் வரத் தாமதமானதால், ராமர் அம்பு எய்து பாறையிலிருந்தே தண்ணீர் வரவழைத்தார். பிந்தி வந்த அனுமன் வீசியெறிந்த தீர்த்தம் தென்பெண்ணைக் கரையில் விழுந்த இடம்தான் அனுமன்தீர்த்தம். ராமர் தீர்த்தம் இன்றும் உயரமான பாறையிலிருந்து விழுகிறது. அடியில் நின்று தலையை நனைத்துக்கொண்டு, அப்படியே பாட்டிலிலும் பிடித்துக்கொண்டு போகிறார்கள். அருணகிரிநாதர் திருப்புகழ் பாடிய தலமும்கூட.

ஆனால் அதே மலையில் இருக்கும் அகத்தியர் தீர்த்தம் என்றால் மட்டும், 'அஜீரணம் போகும்' என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. எனக்கு அது போதவில்லை.

அரூர், கோட்டப்பட்டி, ஊத்தங்கரைக்காரர்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்கள். முனிவர் இருந்த இடம் என்று மலையில் எதைக் காட்டுவார்கள்? சித்தேரி மலைக்காரர்கள் இந்தக் கதையை வேறு மாதிரி சொல்வதுண்டா? பழைய தலபுராண அச்சுப் பிரதி யாரிடமாவது இருந்தால் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்ப முடியுமா?

வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பினாலும் சரி, நானே எழுதிக்கொள்கிறேன். பெரியவர்கள் சொல்கிறபடியே, வார்த்தை மாற்றாமல் இருந்தால் ரொம்ப நல்லது.