கெட்ட சேதியை உங்க பாஸ்கிட்ட தைரியமா சொல்ல முடிஞ்சுதா? பாத்த அனுபவத்தை எழுதுங்க

ஒரகடம் பிளான்ட்:

வணக்கம் மக்களே. லீடர்ஷிப் பத்தி நிறைய பேர் நிறைய சொல்றாங்க, விஷன் மிஷன் எல்லாம் இருக்கட்டும், நான் ஒரு ஆளை எடை போடுறது ஒரே இடத்துலதான். கெட்ட சேதி அவர் காதுக்கு எவ்ளோ சீக்கிரம் போய்ச் சேருது? இதை வெச்சே அவர் கீழ இருக்கிற கம்பெனி எப்படி ஓடுதுன்னு சொல்லிடலாம்.

நான் சின்ன இன்ஜினியரா இருந்தப்ப பிரேக் பார்ட் மெஷினிங் பண்ற ஒரு கம்பெனில வேலை. மொத ஜி.எம். (ஜெனரல் மேனேஜர்) இருந்தாரே, காலைல மீட்டிங்ல ரிஜெக்‌ஷன் நம்பர் ஏறிருந்தா ஃபைல் பறக்கும். என்ன ஆச்சு தெரியுமா, நம்பர் இறங்கிடுச்சு! ஸ்க்ராப் யார்டுல தார்ப்பாய் போட்டு மூடி வெச்சிருந்த பீஸ் எல்லாம் யார் கணக்குலயும் வரல, அவ்ளோதான். ஷிஃப்ட் இன்சார்ஜ்ல இருந்து ஆபரேட்டர் வரைக்கும் எல்லாருக்கும் தெரியும், அவருக்கு மட்டும் தெரியாது.

அவருக்கு அப்புறம் வந்தவர் வேற மாதிரி. ஒரு நாள் நைட் ஷிஃப்ட்ல ஒரு கான்ட்ராக்ட் பையன் நோ-கோ கேஜ், அதாவது பீஸோட ஓட்டைக்குள்ள போகவே கூடாத அளவுக் கருவி, ஈஸியா உள்ள போகுதுன்னு, ஓட்டை அளவுக்கு மீறி பெருசா இருக்குன்னு கண்டுபிடிச்சான், அதுக்குள்ள ரெண்டு டிராலி பேக் ஆகி வண்டில ஏறிப் போயிடுச்சு. இன்சார்ஜுக்கு கை நடுங்குது, நடுராத்திரி ஜி.எம்.முக்கு போன் போடலாமா வேணாமான்னு. போட்டாரு. அவர் கேட்டது ரெண்டே கேள்வி: எத்தனை பீஸ் வெளிய போயிருக்கு, வண்டி இப்ப எங்க நிக்குது. யாரு என்னன்னு கேக்கவே இல்ல. விடியறதுக்கு முன்னாடி அவரே பிளான்ட்டுக்கு வந்து, கஸ்டமர் குவாலிட்டி ஹெட்டுக்கு அவரே போன் பண்ணி, எங்க பார்ட்ல பிரச்சனை இருக்கு, வண்டிய இறக்காதீங்கன்னு சொல்லிட்டாரு. அவங்க கண்டுபிடிச்சு நம்மள கூப்பிடுறதுக்கும், நாமளே முன்னாடி சொல்றதுக்கும் இருக்கிற வித்தியாசம் இந்த ஃபீல்டுல இருக்கிறவங்களுக்கு தெரியும். மறுநாள் மீட்டிங்ல அந்தப் பையனை கூப்பிட்டு உக்கார வெச்சு, எப்படிப்பா பாத்தேன்னு எல்லார் முன்னாடியும் சொல்ல வெச்சாரு. அந்த மீட்டிங்ல கான்ட்ராக்ட் ஆள் ஒருத்தர் சேர்ல உக்காந்து நான் பாத்தது அதான் மொத தடவை. அதுக்கப்புறம் தார்ப்பாய்க்கு வேலையே இல்லாம போச்சு.

இந்த மாதிரி ஆளை நீங்க பாத்திருந்தா எழுதுங்க ப்ளீஸ். நல்லதும் சரி, கெட்டதும் சரி.

ரிட்டயர்டு குவாலிட்டி (அம்பத்தூர்):

தம்பி, நல்ல விஷயத்தை ஆரம்பிச்சீங்க. அம்பத்தூர் பாடி பக்கம் 90கள்ல வேலை பாத்தவங்களுக்கு இது நல்லா புரியும். 1998ல பாடியில இருந்த சுந்தரம் கிளேட்டன் பிரேக்ஸ் டிவிஷனுக்கு, தரத்துக்காக குடுக்குற டெமிங் பரிசு கிடைச்சுது, இந்தியாவுலயே மொத கம்பெனி அதான். ஜப்பான்ல 1951ல இருந்து குடுக்குற பரிசு அது, அதை மெட்ராஸ்ல ஒரு கம்பெனி வாங்குச்சுன்னதும் இந்த ஏரியா முழுக்க ஒரு வேகம். அப்புறம் 2002ல டி.வி.எஸ். மோட்டார், 2003ல ரானே பிரேக் லைனிங்னு வரிசையா வந்துச்சு. பேராசிரியர் ட்சுடான்னு ஒரு ஜப்பான்காரர் இங்க பல கம்பெனிக்கு வழி காட்டினாரு. இந்த வட்டாரத்துல டி.க்யூ.எம். (கம்பெனில எல்லாரும் சேர்ந்து தரத்தை பாத்துக்கிற முறை) வளந்த கதைய அவர் பேர் இல்லாம சொல்ல முடியாது.

நான் இருந்தது அந்த மாதிரி பெரிய கம்பெனிக்கு சப்ளை பண்ற சின்ன இடம். எங்களுக்கும் ஒரு ஜப்பான் ஆலோசகர் வந்தாரு, பேர் வேணாம். எங்க முதலாளி கான்ஃபரன்ஸ் ரூம்ல பூங்கொத்து, முந்திரி பக்கோடா, ப்ரஸன்டேஷன்னு எல்லாம் ரெடி பண்ணி வெச்சிருந்தாரு. மனுஷன் ஒரு வாய் காபி குடிச்சாரு, எழுந்து நேரா ஷாப்ஃப்ளோர் போனாரு, செவப்பு டப்பா எங்கன்னு கேட்டாரு. ரிஜெக்ட் ஆன பீஸ் போடுற டப்பாதான். அது காலியா இருந்துச்சு, விசிட்டுக்காக நாங்க காலி பண்ணிட்டோம். அவர் முகம் மாறிடுச்சு. நீங்க பிரச்சனையை எடுத்து ஒளிச்சு வெச்சுட்டா நான் எதை வெச்சு சொல்லிக் குடுக்குறதுன்னு மொழிபெயர்ப்பாளர் மூலமா கேட்டாரு. எங்க முதலாளி ரொம்ப நேரம் பேசவே இல்ல. அடுத்த வாரத்துல இருந்து அவரே தினமும் காலைல வந்து அந்த டப்பா முன்னாடி நிப்பாரு, ஒரு பீஸை கைல எடுத்து ஏன் இப்படி ஆச்சுன்னு கேப்பாரு, பதில் வந்தா அதுக்கும் ஏன், அதுக்கும் ஏன்னு போயிட்டே இருப்பாரு. கோவமா கேட்டா ரெண்டாவது ஏன்லயே ஆள் வாயை மூடிக்குவான். பொறுமையா கேட்டா அஞ்சாவதுல பீஸை புடிச்சு வெக்கிற ஃபிக்ஸர் க்ளாம்ப் தேஞ்சு போன விஷயம் வெளிய வரும், அதை மாத்தறதுக்கு நாலு மாசமா பர்ச்சேஸ்ல கையெழுத்து ஆகாம கெடக்குற விஷயமும் வெளிய வரும். கடைசில பாத்தா கையெழுத்து போடாதது யாருன்னா அந்த முதலாளியேதான். அன்னைக்கே போட்டாரு.

அம்பது வயசுக்கு மேல ஒரு மனுஷன் தன்னோட குணத்தையே மாத்திக்கிட்டதை நான் கண்ணால பாத்தேன். அதனாலதான் சொல்றேன், இது பிறவிக் குணம் கிடையாது, பழகுனா வரும்.

ஓ.எம்.ஆர். டெலிவரி மேனேஜர்:

ஐ.டி.ல இதுக்கு நாங்க வெச்ச பேரே தர்பூசணி ஸ்டேட்டஸ். வெளிய பச்சை, வெட்டிப் பாத்தா செவப்பு. வாரா வாரம் கிளையன்ட்டுக்கு போற ரிப்போர்ட்ல எல்லாம் க்ரீன் க்ரீன் க்ரீன், கோ-லைவுக்கு (சாஃப்ட்வேர் நிஜமா ஓட ஆரம்பிக்கிற நாளுக்கு) முந்தின வாரம் திடீர்னு ரெட் ஆகும்.

ஃபோர்டு கார் கம்பெனி கதை இங்க பொருந்தும், மறைமலைநகர் பிளான்ட் இருந்ததால நம்ம ஊர்ல பல பேருக்கு அது சொந்தக் கம்பெனி மாதிரி. 2006ல ஆலன் முல்லாலி போயிங்ல இருந்து ஃபோர்டுக்கு சி.இ.ஓ.வா வந்தாரு, அந்த வருஷம் கம்பெனி நஷ்டம் 1,200 கோடி டாலருக்கு மேல. வியாழக்கிழமை தோறும் மீட்டிங், ஒவ்வொரு தலையும் அவங்கவங்க வேலைக்கு பச்சை மஞ்சள் செவப்பு போட்டு காட்டணும். எல்லாரும் பச்சை! இவ்ளோ நஷ்டம் போற கம்பெனில ஒண்ணு கூடவா சரியில்லாம இல்லன்னு அவரே கேட்டாரு. அதுக்கப்புறம் மார்க் ஃபீல்ட்ஸ், அமெரிக்கா பகுதிய பாத்துக்கிட்டிருந்தவர், எட்ஜ் வண்டிக்கு செவப்பு போட்டு கொண்டு வந்தாரு. கனடா ஓக்வில் பிளான்ட்ல லான்ச்சையே நிறுத்தி வெச்சிருந்தாரு. ரூம்ல மயான அமைதி, ஆளு காலின்னு எல்லாரும் நெனச்சாங்க. முல்லாலி கைதட்டுனாரு. இதுக்கு யார் உதவ முடியும்னு கேட்டாரு, உடனே மத்தவங்க நான் ஆள் அனுப்புறேன், இந்த மாதிரி முன்னாடி பாத்திருக்கேன்னு ஆரம்பிச்சாங்க. இதுல எனக்கு ரொம்பப் புடிச்சது என்னன்னா அப்பவும் மத்தவங்க உடனே மாறிடல, ஃபீல்ட்ஸ் வேலைல இருக்காரான்னு பாத்துட்டுதான் கொஞ்ச வாரம் கழிச்சு அவங்களும் கலர் மாத்துனாங்க. அதே ஃபீல்ட்ஸ் 2014ல சி.இ.ஓ. ஆனாரு.

நான் பாத்த ஒரு அக்கவுன்ட் ஹெட் மேடம் இதையே சின்ன அளவுல பண்ணாங்க. மூணு வாரம் தொடர்ந்து க்ரீன் காட்டுற ப்ராஜெக்ட்டை மட்டும் எடுத்து, டீம்ல இருக்கிறதுலயே ஜூனியர் டெஸ்டரை கூப்பிட்டு டீ குடிச்சுக்கிட்டே பேசுவாங்க. லீட்ஸுக்கெல்லாம் மொதல்ல கடுப்பு. ஆனா அந்த டெஸ்டர் சொன்னதை வெச்சு லீடை ஒரு நாளும் மாட்டிவிட்டதில்ல, என்கிட்ட என்ன வேணும்னு மட்டும் லீடை கேப்பாங்க. அதுதான் அவங்க பலம்.

மதுரை ஸ்டாஃப் நர்ஸ்:

ஹாஸ்பிடல்லயும் இதே கதைதாங்க. மருந்து மாறிப் போச்சுன்னா ஒடனே சொன்னாத்தான் நோயாளியக் காப்பாத்த முடியும், திட்டு வாங்குவோம்னு பத்து நிமிஷம் யோசிச்சா அந்த பத்து நிமிஷம் உசிரு. எங்க வார்டு சூப்பரின்டென்டன்ட் ஒரு நோட்டு வெச்சிருந்தாங்க, தப்பு நடக்க இருந்து கடைசி நேரத்துல புடிச்சதை மட்டும் எழுதுற நோட்டு, பேர் எழுத வேணாம். ஒரே மாதிரி கலர் ஆம்பியூல் ரெண்டு மருந்து பக்கத்து பக்கத்து ட்ரேல இருக்குன்னு அதுல திரும்பத் திரும்ப வந்துச்சு. ட்ரேயை வேற அலமாரிக்கு மாத்துனாங்க. அப்புறம் அந்த விஷயம் நோட்டுல வரவே இல்ல.

விண்வெளிப் பிரியன்:

இந்த டாபிக்ல தவான் சார் கலாம் சார் கதை வராம இருக்குமா. 1979 ஆகஸ்ட் 10, ஸ்ரீஹரிகோட்டா, எஸ்.எல்.வி.-3 ராக்கெட்டோட மொத ஏவுதல், வங்காள விரிகுடால விழுந்துச்சு. பத்திரிகைக்காரங்க முன்னாடி உக்காந்து பதில் சொன்னது இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். 1980 ஜூலை 18ல ஜெயிச்சப்போ நீ போய் பேசுன்னு கலாமை அனுப்புனாரு. இது எல்லாருக்கும் தெரிஞ்சது, மேடை மேடையா சொல்றாங்க.

ஆனா அதே கதைல கலாம் சாரே சொன்ன இன்னொரு பகுதிய யாரும் எடுக்கிறதில்ல. ஏவுறதுக்கு சில நிமிஷம் முன்னாடி கம்ப்யூட்டர் ஹோல்ட் போட்டுச்சு. கன்ட்ரோல் சிஸ்டத்துல ஏதோ சரியில்லன்னு காட்டுச்சு. பக்கத்துல இருந்த நிபுணர்கள் கணக்கு போட்டு பாத்து பரவால்ல, போலாம்னாங்க, மிஷன் டைரக்டரா கலாம் சார் கம்ப்யூட்டரை மீறி ஏவ முடிவெடுத்தாரு. ரெண்டாவது ஸ்டேஜ் கன்ட்ரோல் போச்சு, ஆக்சிடைசர் (எரிபொருளை எரிய வைக்கிற திரவம்) கசிவுதான் காரணம். அதாவது கெட்ட சேதி சரியான நேரத்துக்கு வந்துருச்சு, கேக்கத்தான் முடியல. எனக்கு இதுதான் பெரிய பாடமா படுது, அதை மறைக்காம நாட்டோட ஜனாதிபதியா இருந்துட்டு வந்த அப்புறமும் மாணவர்கள்கிட்ட வெளிப்படையா சொல்லிட்டு இருந்தாரே, அதுக்கு ஒரு மனசு வேணும். தவான் அன்னைக்கு அவரை பலிகடா ஆக்கியிருந்தா அவர் இதை வாழ்க்கைல வெளிய சொல்லியிருப்பாரா?

திருப்பூர் மெர்ச்சண்டைசர்:

எல்லாரும் நல்லாத்தான் எழுதியிருக்கீங்க, ஆனா சேதி சொன்னவங்களுக்கு கைதட்டறது மட்டும் பத்தாதுங்க. கேட்டுட்டு காசை எடுத்து வெக்கோணும். எங்க முதலாளிகிட்ட அதைத்தான் பாத்தேன். டையிங்ல (சாயம் போடுற இடத்துல) இருந்து வந்த துணி, லாட்டுக்கு லாட்டு ஷேடு மாறுது, பையர் அப்ரூவ் பண்ணுன ஸ்வாட்ச்சோட (மாதிரித் துணியோட) வெச்சா கண்ணுக்கே தெரியுது. திரும்ப டையிங் போட்டா தூத்துக்குடில கப்பலை புடிக்க முடியாது, ஏர்ல அனுப்பினா அந்த ஆர்டர்ல லாபம் மொத்தமும் போயிரும். கட்டிங் மாஸ்டர் என்கிட்ட வந்து, மேடம் கலந்து விட்டுரலாம் யாரும் பாக்க மாட்டாங்கங்கறாரு. நான் நேரா முதலாளி ரூமுக்கு போய் ரெண்டு துணியும் ஜன்னல் வெளிச்சத்துல வெச்சு காட்டுனேன். அவர் திட்டல, பாராட்டவும் இல்ல, பையருக்கு இன்னைக்கே மெயில் போடும்மா, பாதி ஏர், பாதி அடுத்த கப்பல், ஒத்துக்குவாங்களான்னு கேளுன்னாரு. ஏர் செலவு நம்மளதுன்னும் போடச் சொன்னாரு. பையர் ஒத்துக்கிட்டாங்க. கட்டிங் மாஸ்டரையும் அவர் ஒண்ணும் சொல்லல, ஆனா அடுத்த சீசன்ல இருந்து டையிங் லாட் வந்ததும் மொதல்ல ஷேடு பாக்கறதுக்குன்னே ஒரு ஆளை போட்டாரு. அந்த ஆளோட சம்பளம்தான் அவர் எனக்கு குடுத்த பதில்னு நான் எடுத்துக்கிட்டேன்.

மொத பதிவுல அந்த கான்ட்ராக்ட் பையன் கதை படிச்சேன். அவனை நிரந்தரம் பண்ணாங்களான்னு சொல்லுங்க. நாளைக்கு வேலை இருக்குமான்னே தெரியாதவன் எதுக்குங்க அடுத்த தடவை வாயத் தொறக்கோணும்?

ஒரகடம் பிளான்ட்:

சரியான கேள்வி மேடம். நிரந்தரம் பண்ணல, அந்த ஜி.எம். எழுதிக் குடுத்தாரு, ஹெட் ஆபீஸ்ல ஒத்துக்கல. அவர் கையில இருந்தது அவனை கேஜ் ரூமுக்கு மாத்தி ஸ்கில்டு கிரேடு வாங்கிக் குடுக்குறது, அதை பண்ணாரு. பத்தாதுதான்.

புது டீம் லீட்:

அண்ணே, அக்கா, எனக்கு மேல இருக்கிறவர் கத்துற டைப். எனக்கு கீழ ஏழு பேர். நான் என்ன பண்றது?

ரிட்டயர்டு குவாலிட்டி (அம்பத்தூர்):

தம்பி, அவர்கிட்ட போறப்போ பத்து பேர் நடுவுல சொல்லாதீங்க, தனியா சொல்லுங்க, போன்ல மொதல்ல, பின்னாடியே எழுத்துல ரெண்டு வரி. பிரச்சனை என்ன, எவ்ளோ பரவியிருக்கு, இப்ப நீங்க என்ன நிறுத்தி வெச்சிருக்கீங்க, அவர்கிட்ட என்ன முடிவு வேணும், அவ்ளோதான், காரணம் விளக்கமெல்லாம் அப்புறம். கத்துவாரு, கத்தட்டும். அந்தக் கத்தலை அப்படியே வாங்கிட்டு வந்து உங்க ஏழு பேர்கிட்ட இறக்கி வெக்காதீங்க. சேதி கொண்டு வந்தவன் பேரை மேல சொல்லவும் வேணாம், என் டீம்ல பாத்தோம்னு சொன்னா போதும். இன்னொண்ணு, டொயோட்டா லைன்ல பிரச்சனைன்னு தொழிலாளி அங்க இருக்கிற கயித்தை இழுத்தா டீம் லீடர் ஓடி வரணும்னு விதி, லைன்ல நிக்கிறவன் அவரைத் தேடிப் போக வேண்டியதில்ல. நீங்களும் தினம் ஒரு தடவை அவங்க சீட்டுக்கு போய் நில்லுங்க.

புது டீம் லீட்:

நாளைக்கு ரிலீஸ் இருக்கு சார், காலைல டெஸ்டிங் பசங்க சீட்டுலதான் மொதல்ல போய் உக்காரப் போறேன். என்ன ஆச்சுன்னு வந்து எழுதுறேன்.