புதுப்பிப்பு: லைன் சூப்பர்வைசர் பயிற்சி பற்றித் தையல்காரர்கள் சொன்னது

திருப்பூரில் நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில், லைன் சூப்பர்வைசர் (ஒரு தையல் வரிசையைக் கவனிப்பவர்) பயிற்சியைச் சீர்செய்ய யாரிடம், எப்படிக் கருத்துக் கேட்பது என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். சூப்பர்வைசர்களோடு நிறுத்தாமல், அவர்களுக்குக் கீழே வேலை செய்பவர்களையும் கேட்கச் சொன்னீர்கள். கேட்டோம்.

பெயர் எழுதாத தாள், கேன்டீன் பக்கம் ஒரு பெட்டி. முதலில் வந்ததெல்லாம் ‘நல்லா இருக்கு’ மட்டும்தான். சரி, கேள்வியை மாற்றுவோம் என்று முடிவு செய்தோம். ‘புது ஸ்டைல் வந்தால் சூப்பர்வைசர் முதல் பீஸைத் தைத்துக் காட்டுகிறாரா?’ ‘ஆல்டரேஷன் (பிழையால் திருத்தத்துக்குத் திரும்பும் பீஸ்) வந்தால் என்ன சொல்கிறார்?’ இந்தியிலும் ஒடியாவிலும் அச்சடித்தோம். படிக்கத் தெரியாதவர்களோடு வேறு யூனிட் அக்கா ஒருவர் உட்கார்ந்து பேசினார். அப்புறம்தான் மனதில் இருந்தது வெளியே வந்தது. திட்டுவதைப் பற்றிய புகார் வரும் என்று தெரியும். அதைவிட அதிகம் வந்தது, வேலையைக் காட்டித் தராமலே டார்கெட் கேட்கிறார்கள் என்பது. எனக்கு இது மிக முக்கியமாகப் படுகிறது.

பயிற்சியை மதிப்பிட அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-ல் எழுதிய முறையில் நான்கு படிகள்: பயிற்சி பிடித்ததா, கற்றார்களா, வேலையில் நடத்தை மாறியதா, பலன் கிடைத்ததா. எங்கள் பழைய படிவம் முதல் படியைத் தாண்டவே இல்லை.

இப்போது பயிற்சியில் பாதி நேரம் மெஷின் முன்னால் நடக்கிறது: விளக்குவது, தைத்துக் காட்டுவது, தொழிலாளியைத் தைக்கவிட்டுப் பார்ப்பது. புது ஸ்டைலின் முதல் நாள் டார்கெட்டைக் குறைக்கவும் கேட்டிருக்கிறோம். நிர்வாகம் இன்னும் பதில் சொல்லவில்லை.