வாரண்டியில் மாற்றிய இன்ஜினும் தட்டுகிறது, அடுத்து என்ன செய்வது?

டீசல்பிரியன்:
வண்டி இன்னும் வாரண்டியில்தான் இருக்கிறது. போன முறை ஓடும்போதே ஆயில் விளக்கு எரிந்து, உள்ளே டக் டக் என்று தட்ட ஆரம்பித்து அப்படியே நின்றுவிட்டது. பிக் எண்ட் பேரிங் (பிஸ்டன் தண்டு கிராங்கோடு சேரும் இடத்து பேரிங்) போய்விட்டது, கிராங்கும் (பிஸ்டன்கள் சுழற்றும் முக்கியத் தண்டு) வீண் என்று சொல்லி சர்வீஸ் சென்டரில் ஷார்ட் பிளாக் (கிராங்க், பிஸ்டனோடு வரும் இன்ஜினின் கீழ்ப்பகுதி) மாற்றிக் கொடுத்தார்கள். இப்போது சூடேறியதும் அதே தட்டல். கேட்டால் “நார்மல் சத்தம்தான் சார், ஓட்ட ஓட்டச் சரியாகிவிடும்” என்று பளபளவென்று வண்டியைக் கழுவிக் கொடுத்து அனுப்புகிறார்கள். முதல் இன்ஜின் ஏன் போனது என்பதற்கு ஆளுக்கொரு பதில். வெளியே பிரித்துப் பார்த்தால் வாரண்டி போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

பட்டறை வாசி:
முதலில் ஓட்டுவதை நிறுத்துங்கள். அப்புறம் ஜாப் கார்டை (செய்த வேலை, மாற்றிய பாகங்களை சர்வீஸ் சென்டர் எழுதித் தரும் தாள்) எடுத்து, ஆயிலைக் குளிர வைக்கும் ஆயில் கூலரை மாற்றியிருக்கிறார்களா என்று பாருங்கள். பேரிங் அரைபடும்போது அந்தத் தூள் ஆயிலோடு எல்லா இடத்துக்கும் போகும், ஃபில்டர் அடைத்துக்கொண்டால் பைபாஸ் வால்வு திறந்து வடிகட்டாத ஆயிலே சுற்ற ஆரம்பித்துவிடும். கூலருக்குள் இருக்கும் குறுகலான தடங்களில் போய் உட்கார்ந்த தூள் எவ்வளவு கழுவினாலும் முழுதாக வெளியே வராது, அதனால்தான் அதை மாற்றியே ஆக வேண்டும் என்கிறோம். பழைய கூலரைப் புது பிளாக்கில் மாட்டினால் மிச்சத் தூள் நேரே புதுப் பேரிங்குக்குத்தான். ஆயில் பம்ப், டர்போவுக்குப் போகும் ஆயில் பைப் கதையும் இதேதான்.

ஹைவே ராஜா:
கொஞ்சம் கெட்டியான ஆயில் ஊற்றிப் பாருங்களேன், சத்தம் அடங்கிவிடும்.

பட்டறை வாசி:
அண்ணே, சத்தம் அடங்கும், தேய்மானம் அடங்காது. கம்பெனி சொல்லாத கிரேடு ஊற்றினால் வாரண்டியை மறுக்க நாமே காரணம் எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

மழைச்சாரல்:
எனக்கும் இதே மாதிரி இழுத்தடித்தார்கள். வாயால் பேசிப் பயனில்லை, தயாரிப்பு நிறுவனத்துக்கே மெயில் போடுங்கள். இன்ஜின் சூடாக இருக்கும்போது மெக்கானிக்கல் கேஜ் மாட்டி ஆயில் பிரஷர் அளந்து, வந்த அளவையும் சர்வீஸ் மேனுவல் சொல்லும் அளவையும் எழுதித் தரச் சொல்லுங்கள். ஃபில்டரை உங்கள் முன்னால் வெட்டி மடிப்பை விரித்துக் காட்டச் சொல்லுங்கள், வெளிச்சத்தில் மினுமினுவென்று உலோகத் துகள் தெரிந்தால் ‘நார்மல்’ பேச்சே எடுபடாது. “நார்மல் என்றால் அதையே ஜாப் கார்டில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்” என்றேன், உடனே மேனேஜர் எழுந்து வந்தார்! ஆயில் மாற்றிய பில்களையும் பத்திரமாக வையுங்கள், பராமரிப்பு சரியில்லை என்றுதான் முதலில் பழி வரும்.

டீசல்பிரியன்:
பார்த்துவிட்டேன். பிளாக், கேஸ்கெட் செட், ஆயில், ஃபில்டர், கூலன்ட், இவ்வளவுதான் இருக்கிறது. கூலரும் இல்லை, பம்பும் இல்லை. மெயில் எழுதிக்கொண்டிருக்கிறேன், வண்டியை லாரியில் ஏற்றித்தான் அனுப்பப் போகிறேன்.